திட்டுகிறவர்களின் காதைக் கடன் வாங்குங்கள்

அன்புள்ள நண்பருக்கு,

டிரம்ஸ் மாஸ்டர் உங்கள் மகளிடம் 'டோனி வில்லியம்ஸைக் கேட்டுவிட்டு வா' என்று சொல்லி அனுப்பியதையும், அப்பாவும் மகளுமாக உட்கார்ந்து 'எமர்ஜென்ஸி!' ஆல்பத்தைப் போட்டதையும், பாதி முடிவதற்குள் உங்களுக்குத் தலைவலி வந்துவிட்டதையும் எழுதியிருந்தீர்கள். அதன்பின் இந்த மாதிரி இசை கேட்கிற நாலு பேரிடம் விசாரித்திருக்கிறீர்கள். ஒருவர் காவியம் என்றாராம். இன்னொருவர் வெறும் இரைச்சல் என்றாராம். மூன்றாமவர், 'எல்லாம் சரி, அந்த ஆள் பாடாமல் இருந்திருக்கலாம்' என்றாராம். நாலாமவர், 'அதை விடுங்கள், "பிலீவ் இட்" கேளுங்கள், அதுதான் ஆல்பம்' என்று பேச்சையே மாற்றிவிட்டாராம். 'இவர்களில் யாரை நம்புவது?' என்று கேட்கிறீர்கள்.

இந்த நாலு கருத்தும் எனக்குப் புதிதில்லை. இந்த ஆல்பத்தைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே இதே நாலு குரல்கள்தான் எழும். ஆட்கள் மட்டும் மாறுவார்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தீர்ப்புகளைத் தள்ளிவையுங்கள். எதைக் கேட்டுவிட்டு அந்தத் தீர்ப்புக்கு வந்தார்கள் என்பதை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். அப்படி வாங்கும்போது, புகழ்ந்தவரைவிடத் திட்டியவரிடம்தான் அதிகம் கிடைக்கும். 'காவியம்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஆல்பத்தின் எந்த நிமிடத்துக்கும் போக முடியாது. 'ஆர்கன் கரகரவென்று காதைக் கிழிக்கிறது' என்று ஒருவர் எரிந்து விழுந்தால், அந்த இடத்துக்கு நேராகப் போய்க் கேட்டுப் பார்க்கலாம்.

அதற்கு முன், ஆள் யார் என்று சுருக்கமாக.

டோனி வில்லியம்ஸ் 1945 டிசம்பரில் சிகாகோவில் பிறந்து பாஸ்டனில் வளர்ந்தவர். அப்பா சாக்ஸஃபோன் வாசிப்பார். ஆலன் டாஸன் என்ற பேர்பெற்ற ஆசிரியரிடம் பாடம். 1963இல், 17 வயதில், மைல்ஸ் டேவிஸ் குழுவில் சேர்ந்துவிட்டார். ஹெர்பி ஹான்காக், ரான் கார்ட்டர், அடுத்த வருடம் வந்து சேர்ந்த வெய்ன் ஷார்ட்டர் ஆகியோர் கூட்டாளிகள். பாட்டின் நடுவே வேகத்தை இளக்கி, இறுக்கி, பாதியாக்கி, இரட்டித்து, குழு முழுவதையும் தன் பின்னால் இழுத்துப்போன பையன் அவர். 1969இல் அங்கிருந்து வெளியே வந்து 'லைஃப்டைம்' என்ற சொந்தக் குழுவைத் தொடங்கினார். கிட்டாருக்கு இங்கிலாந்திலிருந்து ஜான் மெக்லாலின், ஆர்கனுக்கு நியூஆர்க் நகரத்து லாரி யங். மொத்தம் மூன்றே பேர். அந்த வருடம் மே மாதக் கடைசியில் நியூயார்க்கில் இரண்டு நாளில் ஒலிப்பதிவு முடிந்தது. பாலிடார் கம்பெனி அதை இரட்டை இசைத்தட்டாக வெளியிட்டது. அப்போது வில்லியம்ஸுக்கு வயது 23.

இனி 'இரைச்சல்' என்றவரிடம் வருவோம்.

அவர் பொய் சொல்லவில்லை. ஒலிப்பதிவு மோசம்தான். ஆர்கனும் கிட்டாரும் ஒன்றாக ஏறும் இடங்களில் ஒலியின் விளிம்பு உடைந்து பிசிறடிக்கிறது. டேப் தாங்கக்கூடிய அளவைத் தாண்டிச் சத்தம் உள்ளே போயிருக்கிறது என்பது காதுக்கே தெரியும். அதுவரை ஜாஸ் ஒலிப்பதிவு என்றால் சிம்பலின் ஒவ்வொரு தட்டலும் தனித்தனியாகத் துலங்க வேண்டும் என்பது எழுதப்படாத விதி. அப்படிப்பட்ட இசைத்தட்டுகளில் காது பழகியவர் இதைக் கேட்டு முகம் சுளித்தால் அதில் தப்பே இல்லை.

ஆனால் அவர் விட்ட இடத்திலிருந்து நாம் ஒரு கேள்வி கேட்கலாம். இந்த ஆட்களுக்கு மெல்ல வாசிக்கத் தெரியாதா? அதற்குச் சாட்சி கையிலேயே இருக்கிறது. அதே 1969 பிப்ரவரியில் மைல்ஸ் டேவிஸ் 'இன் எ சைலன்ட் வே' ஆல்பத்தை ஒலிப்பதிவு செய்தார். டிரம்ஸ் இதே வில்லியம்ஸ், கிட்டார் இதே மெக்லாலின். அந்த ஆல்பத்தின் முதல் பக்கம் முழுவதும் ஒரே உருப்படி, ஏறத்தாழ 18 நிமிடம். அதில் வில்லியம்ஸ் செய்வது என்ன தெரியுமா? ஹை-ஹாட் என்ற இரட்டைச் சிம்பலை மட்டும் சீராகத் தட்டிக்கொண்டே இருக்கிறார். உருட்டல் இல்லை, அதிரடி இல்லை. உலகத்திலேயே வேகமான கைகளில் ஒன்று, அந்த 18 நிமிடமும் தன்னை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. மூன்று மாதம் கழித்து அதே கை 'எமர்ஜென்ஸி!'யில் கட்டவிழ்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பின்னதில் உள்ள சத்தம் தெரியாத்தனமாக வந்ததில்லை, வேண்டுமென்றே போட்டது என்பது புரியும். வில்லியம்ஸ் பீட்டில்ஸையும் ஜிமி ஹென்ட்ரிக்ஸையும் க்ரீம் குழுவையும் விரும்பிக் கேட்டவர். ராக் மேடையின் அந்த உடல் வலிமை ஜாஸுக்குள் வர வேண்டும் என்று ஆசைப்பட்டார். 1970இல் வந்த அடுத்த ஆல்பமான 'டர்ன் இட் ஓவ'ரில் க்ரீம் குழுவின் பாஸ் கலைஞர் ஜாக் புரூஸையே சேர்த்துக்கொண்டார். சத்தமாகப் போட்டுக் கேட்கும்படி அதன் உறையிலேயே அச்சடித்திருந்தார்கள்.

சத்தம் வேண்டுமென்றே போட்டது. பிசிறு அப்படி இல்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கும்படி அந்த நண்பரிடம் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றாகக் கலந்து கிடப்பதுதான் இந்த ஆல்பத்தின் தொல்லை, சுவையும் அதுதான்.

இதில் உங்களுக்கு ஒரு நடைமுறை யோசனையும் இருக்கிறது. போன் ஸ்பீக்கரில்தானே போட்டீர்கள்? இந்த மூவர் குழுவில் பாஸ் கிட்டார் வாசிக்க ஆளே இல்லை. அடித்தளம் முழுவதையும் லாரி யங்கே பார்த்துக்கொள்கிறார், ஹாமண்ட் ஆர்கனின் இடது கைப் பக்கத்தாலும் கால்மிதிக் கட்டைகளாலும். அந்தத் தாழ்ந்த ஒலி போன் ஸ்பீக்கரில் வரவே வராது. மேலே உள்ள கரகரப்பு மட்டும் தங்கிவிடும். பாதி இசையைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் கேட்டால் யாருக்குத்தான் தலை வலிக்காது? சாதாரண ஹெட்போன் போதும், அதைப் போட்டுக்கொண்டு ஒருமுறை கேளுங்கள். அப்படியும் இரைச்சலாகவே பட்டால் அது உங்கள் சொந்தக் கருத்து. அதை யாரும் மறுக்க முடியாது.

அடுத்து, 'பாடாமல் இருந்திருக்கலாம்' என்றவர்.

வில்லியம்ஸ் இதில் மூன்று உருப்படிகளில் குரல் கொடுக்கிறார்: 'பியாண்ட் கேம்ஸ்', 'வேர்', 'வயா த ஸ்பெக்ட்ரம் ரோடு'. பாட்டு என்று சொல்வதே அதிகம். ஒல்லியான குரல், ஏறக்குறையப் பேச்சு, சுருதியில் பெரிய பிடிமானம் கிடையாது. ஆல்பத்தைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறவர்கள்கூட இந்த இடத்தில் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். நானும் இதை நல்ல பாட்டு என்று வாதாடப் போவதில்லை.

ஆனாலும் 'வேர்' உருப்படியில் அந்தக் குரல் என்ன வேலை செய்கிறது என்று கவனியுங்கள். அது 12 நிமிடத்துக்கு நீளும். எங்கிருந்து வந்தோம், எங்கே போகிறோம் என்ற மாதிரியான கேள்விகளைக் குரல் கேட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. குரல் வரும்போது மூன்று வாத்தியமும் அடங்கி நிற்க வேண்டியிருக்கிறது. குரல் போனதும்தான் அவற்றுக்கு வாய் திறக்கிறது. நல்ல பாடகர் ஒருவர் அங்கே நின்றிருந்தால் உருப்படி அவருடையதாகிவிட்டிருக்கும், மற்ற மூவரும் பக்கவாத்தியம் ஆகியிருப்பார்கள். இந்தச் சின்னக் குரலுக்கு அந்த ஆபத்து இல்லை. அது கதவைத் திறந்துவிட்டுப் போகிறது, அவ்வளவுதான். குறை சொன்னவர் கேட்டது நூற்றுக்கு நூறு சரி. அந்தக் குறை இல்லாவிட்டால் ஆல்பம் சிறந்திருக்கும் என்ற முடிவில்தான் எனக்குச் சந்தேகம்.

புகழ்கிறவர்களிடம் வருவோம். இவர்கள் கையில் எப்போதும் ஒரு வாதம் தயாராக இருக்கும்: 'ஃப்யூஷனுக்கு இதுதான் பிள்ளையார் சுழி'. உடனே எதிர்க்கட்சி எழுந்து, கேரி பர்ட்டனும் லாரி கோரியலும் 1967லேயே ராக்கையும் ஜாஸையும் கலந்துவிட்டார்களே என்று கேட்கும். மைல்ஸ் கட்சி அவருடைய 'பிட்சஸ் புரூ' ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வரும். மெக்லாலினும் லாரி யங்கும் அதிலும் வாசித்திருக்கிறார்கள். விற்பனையில் அது எங்கோ போய்விட்டது, லைஃப்டைம் பின்தங்கிவிட்டது. யார் முதல் என்ற இந்தப் பஞ்சாயத்தில் உங்கள் நேரத்தைச் செலவிடாதீர்கள். உங்கள் மகளின் கைக்கும் காலுக்கும் அதனால் ஒரு லாபமும் இல்லை.

நாலாமவர் சுவாரசியமான ஆள். 'பிலீவ் இட்' 1975இல் கொலம்பியா வெளியிட்டது. அதற்குள் பழைய குழு கலைந்து, ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த் கிட்டாரிலும் ஆலன் பாஸ்குவா கீபோர்டிலும் டோனி நியூட்டன் பாஸிலும் என்று புதுக் குழு வந்துவிட்டது. ஒலிப்பதிவு சுத்தம். வில்லியம்ஸ் பாடவில்லை. முதல் ஆல்பத்தில் சொல்லப்பட்ட குறைகளுக்கெல்லாம் புதிய லைஃப்டைம் பதில் எழுதிவிட்டதுபோல இருக்கும். 'ஃப்ரெட்' என்ற உருப்படியின் மெட்டை ஒருமுறை கேட்டால் முணுமுணுக்கவே ஆரம்பித்துவிடுவீர்கள்.

ஆனால் இந்த ஆல்பத்தைப் புகழ்கிறவர்களின் பேச்சைக் கொஞ்சம் உற்றுக் கேளுங்கள். பெரும்பாலும் ஹோல்ட்ஸ்வொர்த்தைப் பற்றித்தான் இருக்கும். இடது கை விரல்களாலேயே ஸ்வரங்களை வழுக்கிக்கொண்டு போகும் அந்தப் பாணிக்குக் கிட்டார்காரர்கள் அடிமை. டிரம்மர் பெயரில் வந்த ஆல்பத்தைப் பற்றி முக்கால்வாசிப் பேச்சு கிட்டாரைப் பற்றியே நடக்கிறது! லைஃப்டைமின் முதல் அவதாரத்துக்கும் இதே கதிதான். கிட்டார் வாசிப்பவர் மெக்லாலினை அளக்கிறார், ஆர்கன்காரர் லாரி யங்கின் விசித்திரமான ஒலிச்சேர்க்கைகளைச் சொல்லி உருகுகிறார், வாசிக்கத் தெரியாத ரசிகர் ஒட்டுமொத்தச் சத்தத்தைப் பற்றிப் பேசுகிறார். ஒருவர் கருத்தைக் கேட்கும்போது, அவர் என்ன வாத்தியம் வாசிப்பார் என்றும் கேட்டுவையுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

டிரம்மர் தலைமை தாங்கும் குழுவில் இந்தச் சிக்கல் எப்போதும் உண்டு. மெட்டு அவர் கையில் இல்லை. மிருதங்க வித்வான் தன் பெயரில் கச்சேரி போட்டால் பாடகர் வேறொருவராகத்தானே இருக்க வேண்டும்? அப்படியானால் தலைவர் என்ன செய்கிறார்? மூன்று வேலைகள்: ஆளைப் பொறுக்கி எடுப்பது, உருப்படியின் உருவத்தைக் கட்டுவது, எங்கே ஏற வேண்டும் எங்கே அடங்க வேண்டும் என்பதை வாசிப்பிலேயே உத்தரவாகச் சொல்வது.

ஆளைப் பொறுக்குவதில் வில்லியம்ஸுக்கு இணை கிடையாது. மெக்லாலின் 1969இல் கடல் தாண்டி அமெரிக்கா வந்ததே வில்லியம்ஸ் கூப்பிட்டதால்தான். அவர் பிறகு மஹாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா தொடங்கி, வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்று, எல். சங்கர், ஜாகிர் உசேன், நம்ம விக்கு விநாயக்ராம் ஆகியோரோடு சக்தி குழுவை அமைத்தது உங்களுக்குத் தெரிந்த கதை. 2024இல் கிராமி வாங்கிய 'திஸ் மொமென்ட்' ஆல்பத்தில் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் வாசிக்கிறார். சக்தியைக் கேட்டுப் பழகியவர் நீங்கள் என்றால், 'எமர்ஜென்ஸி!'யில் அந்தக் கிட்டார் விரல்களை அடையாளம் கண்டுகொள்வது எளிது. இரைச்சலுக்கு நடுவில் தெரிந்த முகம் ஒன்று கிடைத்த மாதிரி.

உருவம் கட்டுவதற்கும் உத்தரவுக்கும் தலைப்பு உருப்படியான 'எமர்ஜென்ஸி'யையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு டிரம் உருட்டலோடு ஆல்பம் தொடங்குகிறது. உடனே கிட்டாரும் ஆர்கனும் சேர்ந்து கனமான, ராக் சாயலுள்ள ஒரு வாசகத்தை இறக்குகின்றன. இது இப்படியே போகும் என்று நீங்கள் நினைக்கும்போது தரை நழுவி, வேகமான ஜாஸ் நடை பிறக்கிறது. அந்தத் திருப்பத்தைச் செய்பவர் வில்லியம்ஸ். ரைடு சிம்பல் ஓட ஆரம்பித்ததும் மற்ற இருவரும் பேச்சுமூச்சு இல்லாமல் கூடவே போய்விடுகிறார்கள். 'இது ஜாஸும் இல்லை, ராக்கும் இல்லை' என்று இந்த ஆல்பத்தின் மேல் சொல்லப்படும் இன்னொரு புகார் பிறக்கும் இடமும் இதுதான். அந்தப் புகாரும் சரியான கவனிப்புதான். இரண்டையும் கரைத்து ஒரே பானமாக்காமல், கதவைத் திறந்து மூடுகிற மாதிரி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகிறார். பின்னால் வந்த ஃப்யூஷன் குழுக்கள் அந்தத் தாவலை வழவழப்பாக்கிவிட்டன. இங்கே மூட்டுகள் பச்சையாகத் தெரிகின்றன. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

கடைசியாக, நீங்கள் விசாரிக்காமல் விட்ட ஒரு கூட்டம்: டிரம்மர்கள். இவர்கள் கருத்து 'நல்லது', 'கெட்டது' என்று வராது. கை எங்கே, கால் எங்கே என்று வரும். உதாரணத்துக்கு ஒன்று. ஜாஸில் இடது கால் ஹை-ஹாட்டை நாலு எண்ணிக்கையில் இரண்டிலும் நாலிலும் மிதிப்பதுதான் வழக்கம். மைல்ஸ் குழுவில் இருக்கும்போதே வில்லியம்ஸ் அதை நாலு எண்ணிக்கையிலும் மிதிக்கத் தொடங்கிவிட்டார். கேட்பதற்கு எளிது. செய்து பாருங்கள், இடது கால் அப்படி ஓயாமல் நடந்துகொண்டிருக்க, மேலே கைகள் வேறு கணக்கில் அலைய வேண்டும். உங்கள் மகளிடம் மாஸ்டர் எதற்காக இவரைக் கேட்கச் சொன்னார் என்பதற்கு அந்த இடது கால் ஒன்றே போதுமான காரணம். சிண்டி பிளாக்மன் சான்டானா என்ற டிரம்மர் 2010இல் 'அனதர் லைஃப்டைம்' என்ற பெயரில் வில்லியம்ஸுக்காக ஒரு ஆல்பமே செய்தார். பிறகு ஜாக் புரூஸோடு சேர்ந்து 'ஸ்பெக்ட்ரம் ரோடு' என்ற குழுவிலும் இந்த உருப்படிகளை வாசித்தார். ஒரு பெண் இந்த இசையை உள்வாங்கித் தன் கையால் திருப்பிச் சொல்வதை உங்கள் மகள் கேட்கட்டும். கேட்பவர் கருத்துகளில் மிக நீளமான, மிக நேர்மையான கருத்து அதுதான் என்பேன்.

அன்றைக்கு ஜாஸ் ரசிகர்கள் சிலர் 'பையன் கெட்டுப்போய்விட்டான்' என்று கைவிட்டதையும் சொல்ல வேண்டும். 1985இல் வில்லியம்ஸ் மீண்டும் ஜாஸ் பக்கம் திரும்பி, புளூ நோட் கம்பெனிக்காக 'ஃபாரின் இன்ட்ரீக்' செய்தார். அதையடுத்து ஐவர் குழு ஒன்றை நடத்திக்கொண்டு, இசையமைப்பை முறையாகப் படித்து, சொந்தமாக நிறைய எழுதினார். 1997 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவில், பித்தப்பை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மாரடைப்பில் காலமானார். வயது 51தான். லாரி யங் அதற்கு முன்பே, 1978இல், 40 வயதைக்கூட எட்டாமல் போய்விட்டார்.

சரி, எப்படிக் கேட்பது? 70 நிமிடத்தையும் ஒரே மூச்சில் கேட்காதீர்கள். அது அப்படிக் கேட்கச் செய்யப்பட்டது இல்லை. இரட்டை இசைத்தட்டு என்றால் நாலு பக்கம். ஒவ்வொரு பக்கமும் முடிந்ததும் எழுந்து போய்த் திருப்பிப் போட வேண்டும், காதுக்கு ஓய்வு தானாகவே கிடைத்தது. இன்றைய போன் அந்த ஓய்வைப் பறித்துவிட்டது. முதல் நாள் 'வஷ்கர்' மட்டும் போதும். கார்லா பிளே எழுதியது, ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும், மெட்டும் தெளிவு. மறுநாள் 'எமர்ஜென்ஸி'. அதன்பின் ஒரு மாற்றத்துக்கு 'இன் எ சைலன்ட் வே'யின் முதல் பக்கம். பிறகு 'வேர்'. கடைசியில் 'பிலீவ் இட்'டுக்கு வாருங்கள். ஹோல்ட்ஸ்வொர்த் பறந்துகொண்டிருக்கும்போது காதைக் கீழே இறக்கி டிரம்ஸை மட்டும் பிடித்துக்கொள்ளப் பாருங்கள். கஷ்டமாக இருக்கும். மகளைக் கேட்டால் சொல்லித் தருவாள்.

இத்தனையும் கேட்டபின் பிடிக்கவில்லை என்றால் தாராளமாகப் பிடிக்கவில்லை என்று எழுதுங்கள், எனக்கு வருத்தமே இல்லை. ஒரு நிபந்தனை மட்டும்: எந்த உருப்படியில், எத்தனையாவது நிமிடத்தில், எந்த வாத்தியம் உங்களை எரிச்சல்படுத்தியது என்று குறித்து அனுப்ப வேண்டும். மகள் தனியாக ஒரு பட்டியல் போடட்டும், உங்களுடையதைப் பார்க்காமல். இரண்டையும் ஒரே உறையில் அனுப்புங்கள். இருவரும் ஒரே நிமிடத்தைக் குறித்து, ஒருவர் இரைச்சல் என்றும் ஒருவர் ஆஹா என்றும் எழுதியிருக்கும் இடம் எதுவோ, அங்கிருந்து அடுத்த கடிதத்தைத் தொடங்குகிறேன்.

அன்புடன்,
உங்கள் நண்பன்